மூன்று பக்க மடலில் விடுபட்ட செய்தி

சென்ற சிலைத் திங்களில் ஒருநாட் காலை, பண்ணுருட்டியை அடுத்த எம் சிற்றூரில், என் வீட்டிற்கு இரண்டு வீடு தள்ளி வாழும் 78 அகவை மூதாட்டியார் ஒருவர், கையில் ஓர் அஞ்சலுறையோடு என்னை நாடி வந்தார். கனடா நாட்டில் தொராண்டோ நகர்க்கருகே பொறியாளராகப் பணியாற்றும் அவர் மகன் விடுத்த மடல் அது. ஆண்டுதோறும் ஆங்கிலப் புத்தாண்டையொட்டி, தம் பிள்ளைகள் இருவரும் அவ்வாண்டில் எவ்வாறு வளர்ந்தனர், என்னென்ன கற்றனர், எங்கெங்குச் சென்றனர் என்பவற்றைத் தொகுத்து, உறவினர்க்கும் நண்பர்க்கும் ஒரேவகையாக அச்சிட்டு விடுப்பது அக்குடும்பத்தின் வழக்கம். மூன்று பக்கம், வழவழப்பான தாள், 11 வண்ணப்படங்கள். முழுமையும் ஆங்கிலம். ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் அறியாத பெற்ற தாய்க்கும் அதே ஆங்கிலம்!

அவ்வழக்கத்தை நான் குறைகூற வரவில்லை. ஆண்டிறுதியில் குடும்ப மடல் விடுப்பது வட அமெரிக்க வீடுகள் பலவற்றில் உள்ள பழக்கமே. பிள்ளை வளர்ப்பை ஆண்டுக்கொருமுறை நின்று கணக்குப் பார்ப்பதும் அறிவுடையார் செயலே. கடைக்கும் கழனிக்கும் கணக்கு எழுதுகின்ற நாம், பிள்ளைகளுக்கு எழுதுகின்றோமா? இல்லை. ஆகலின் அம்மடலை மதிப்புடனேயே பிரித்து, வரிவரியாகத் தமிழ்ப்படுத்தி அவருக்குப் படித்துக் காட்டினேன்.

பதினோரு அகவைப் பேரன் நீச்சலில் அடுத்த படிக்கு உயர்ந்துவிட்டான். பனிச்சறுக்கில் விழாமல் செல்லப் பழகிவிட்டான். பள்ளியில் பிரெஞ்சு மொழிக்காகப் பாராட்டுத்தாள் பெற்றுள்ளான். ஏழு அகவைப் பேர்த்தி பியானோ இசைக்கின்றாள். அவளுக்கு முன்பற்கள் இரண்டு விழுந்துவிட்டன. புதிய வீட்டின் பின்புறத்தில் ஒரு மேப்பிள் மரம் நிற்கின்றது. கோடை விடுமுறையில் நயாகரா அருவிக்குச் சென்று வந்தனர். வீட்டிற்கு ஒரு நாய்க்குட்டி வந்துள்ளது. அஃது அதற்குள் எட்டு ஏவற்சொற்களை விளங்கிக்கொள்கின்றதாம்! வேட்டி கட்டிய பேரனும் பாவாடை உடுத்த பேர்த்தியும் பொங்கற் பானையருகே நிற்கும் படமும் ஒன்று இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டியார், நான் முடித்தபின், "எல்லாஞ் செரி தம்பி. புள்ளைங்க தமிழ் பேசுதுங்களா? அத எழுதியிருக்கானா பாரு" என்றார்.

நான் மூன்று பக்கத்தையும் மீண்டும் புரட்டினேன். நாய்க்குட்டி அறிந்த சொற்களின் தொகை இருந்தது. பிள்ளைகள் அறிந்த தமிழ்ச் சொற்களின் தொகை இல்லை.

தமிழன்பர்களே, இஃது ஒரு வீட்டுச் செய்தியன்று. அதனாலேயே ஊரும் பேரும் குறிக்காமல் இதனை இவ்விதழில் எழுதுகின்றேன். வெளிநாடுகளில் நல்ல ஊதியத்தில் வாழும் நம் உடன்பிறப்புகளின் வீடுகள் எத்தனையிலிருந்து இதே மடல், இதே விடுபாட்டுடன், ஆண்டுதோறும் புறப்படுகின்றது என்பதை நீங்களே உங்கள் உறவினருள் எண்ணிப் பாருங்கள்.

இவ்வீட்டில் அவ்விழப்பு எவ்வாறு நேர்ந்தது என்பதை அம்மூதாட்டியார் வாயிலாகவே கேட்டறிந்தேன். 2017-ஆம் ஆண்டு, பேர்த்தி பிறந்தபோது, அவர் கனடா சென்று ஆறு திங்கள் தங்கியிருந்தார். அன்று பேரனுக்கு அகவை நான்கு. ஆயா, ஆயா என்று முந்தானையைப் பற்றிக்கொண்டு முழுக்க முழுக்கத் தமிழிலேயே பேசினானாம். விடுகதை கேட்டானாம், பத்துவரை எண்ணினானாம், குளிர்நாட்டு நிலவையும் நம்மூர் நிலவென்றே நம்பினானாம். ஒண்டாரியோ மாநிலத்தில் நான்கு அகவையிலேயே பிள்ளைகளை மழலைப் பள்ளியில் சேர்த்துக்கொள்வர். அவ்வாண்டு அவனும் சேர்ந்தான். மூதாட்டியார் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு தொலைப்பேசியில் அவர் தமிழில் கேட்டதற்கு அவன் ஆங்கிலத்தில் விடை சொன்னான். மகனார் அருகிலிருந்து மகிழ்ந்து சிரித்தாராம். இன்று ஞாயிறுதோறும் கைப்பேசித் திரையில் ஒரு கையசைப்பு, "ஆலோ ஆயா" என்று ஒரு சொல், அவ்வளவே. மற்றவற்றை மகனார் இடையில் நின்று மொழிபெயர்க்கின்றார். பாட்டிக்கும் பேரனுக்கும் இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர்!

பள்ளி சென்ற பிள்ளை ஆங்கிலம் பேசத்தான் செய்யும். உடன் விளையாடுவோர் மொழி அது. ஆசிரியர் மொழி அது. தெருவின் மொழி அது. பேசாதிருப்பின் அன்றோ நாம் அஞ்ச வேண்டும்? எனவே, பிள்ளை ஆங்கிலத்தில் பேசியது பிழையன்று. அவ்வாறு அவன் வீட்டிற்குள் ஆங்கிலத்தில் கேட்ட முதல் நாளில், தாயும் தந்தையும் எம்மொழியில் விடை சொன்னார்கள் என்பதே வினா. அந்த ஒரு நாளில், அந்த ஒரு விடையில்தான் தமிழ் அவ்வீட்டை விட்டு வெளியேறியது. பிள்ளையின் நாவில் தமிழ் அறவில்லை. பெற்றோர் நாவில்தான் முதலில் அற்றது. இதனை அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. "அவனுக்குத் தமிழ் வரவில்லை" என்பார்கள், ஏதோ வானூர்தியில் வரவேண்டிய பொருள் வராததுபோல!

இவர்கள் கூறும் மற்றொரு கரணியத்தையும் பார்ப்போம். "பிஞ்சு மூளையில் இரண்டு மொழிகளைத் திணித்தால் பிள்ளை குழம்பிப்போகும்" என்கின்றனர். அவ்வாறாயின் அதே பிஞ்சு மூளையில் பிரெஞ்சு மொழி எவ்வாறு நுழைந்தது? ஒண்டாரியோவில் நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஆங்கிலப் பள்ளிகளில் பிரெஞ்சு கட்டாயப் பாடம். அதுவும் போதாதென்று, முழுக்கப் பிரெஞ்சு வழியே கற்பிக்கும் வகுப்புகளில் இடம் தேடி அலையும் பெற்றோர் மிகப்பலர். பிரெஞ்சுக்குக் குழம்பாத மூளை தமிழுக்கு மட்டும் குழம்புமோ? குழப்பம் மூளையில் இல்லை. பிரெஞ்சு பணி தரும், தமிழ் என்ன தரும் என்ற கணக்கில் இருக்கின்றது. அதனை நேராகச் சொல்லிவிட்டாலாவது வழக்குத் தெளிவாகும்.

அந்தப் பிரெஞ்சு மொழியும் கனடாவில் தானாக நிலைத்து நிற்கவில்லை என்பதை நம்மவர் அறிதல் வேண்டும். ஆங்கிலக் கடலின் நடுவே தம் மொழி கரைந்துபோவதைக் கண்ட கியூபெக்கு மக்கள், 1977-இல் பிரெஞ்சு மொழிச் சட்டத்தை இயற்றினர். அரசும் தொழிலும் பிரெஞ்சில் நடத்தல் வேண்டும். வந்து குடியேறுவோர் பிள்ளைகளும் பிரெஞ்சுப் பள்ளியிலேயே பயிலல் வேண்டும் என்றனர். தம் மொழிக்காக அவ்வளவு மானத்தோடு நின்ற மக்களின் மொழியை நம் பிள்ளைகள் முதன்மையாகக் கற்றுப் பாராட்டுத்தாள் பெறுகின்றனர். அம்மக்கள் கற்றுத்தந்த பாடத்தை மட்டும் பெற்றோர் கற்கவில்லை.

அதே 1977-ஆம் ஆண்டில்தான் ஒண்டாரியோ அரசு, குடியேறிய மக்களின் மரபுமொழிகளைக் கற்பிக்கும் திட்டத்தையும் தொடங்கியது. போதிய எண்ணிக்கையிலான பிள்ளைகளுக்காகப் பெற்றோர் எழுதிக்கேட்டால், எம்மொழியாயினும் பள்ளி வாரியம் கிழமைக்கு இரண்டரை மணி நேரம்வரை கற்பிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். கட்டணம் கேட்டுக் கசக்கும் தனிப்பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். அயல்நாட்டான் தன் அரசுப் பணத்தில், தன் பள்ளிக் கட்டடத்தில், நம் மொழியைக் கற்பிக்க இடந்தருகின்றான். நாம் கேட்டாற் போதும். 1983-ஆம் ஆண்டுக் கொடுமைக்குப் பின்னர், வீடும் நிலமும் உறவும் இழந்து, உடுத்த உடையோடு அந்நாட்டில் சென்றிறங்கிய ஈழத் தமிழர் அதனைக் கேட்டனர். பகலில் ஆலையிலும் இரவில் உணவகத்திலும் உழைத்துக் களைத்தவர்கள், காரிக்கிழமை தோறும் பிள்ளைகளைப் பனியில் கூட்டிச்சென்று தமிழ் வகுப்பில் அமர்த்தினர். கனடிய நாடாளுமன்றம் 2016-இல் சனவரித் திங்களைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றதற்குப் பின்னால் நிற்பது அவர்கள் உழைப்பே. அவர்கள் வீடுகளிலும் இன்று மூன்றாந் தலைமுறையில் தளர்ச்சி காணப்படுகின்றது; அதனை மறைப்பதில் பயனில்லை. ஆயினும் எல்லாம் இழந்தவன் மொழியைக் கையில் எடுத்துச் சென்றான். எல்லாம் உடையவனாகச் சென்ற நம் தமிழ்நாட்டுப் பொறியாளன் அதனை வானூர்தி நிலையத்திலேயே விட்டுச் சென்றான் என்பதே என் மனத்தை அறுக்கின்றது.

வேறொரு செய்தியும் உண்டு. அதே தொராண்டோப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைப்பதற்கென உலகத் தமிழர் 30 இலக்கம் கனடியத் தாலர் திரட்டி, 2021-இல் இலக்கை எட்டினர். போற்றத்தக்க செயல். ஆயினும் இருக்கைக்குக் கொடையளித்த கை, வீட்டில் பிள்ளைக்கு "வா, உண்" என்று தமிழில் சொல்லக் கூசுமாயின், நாளை அவ்விருக்கையின் எதிரே அமர்ந்து கற்பவர் யார்? வடமொழிக்கும் இலத்தீனுக்கும் உலகப் பல்கலைக்கழகங்களில் இருக்கைகள் பல உண்டு. அவற்றால் அம்மொழிகள் எவர் வீட்டு அடுக்களைக்கும் திரும்பவில்லை.

மொழிகளின் தேய்வையும் மீட்பையும் வாழ்நாள் முழுதும் ஆய்ந்த அமெரிக்க அறிஞர் யோசுவா பிசுமன், 1991-இல் வெளியிட்ட தம் நூலில் இதனையே வலியுறுத்தினார். பெற்றோர் நாவிலிருந்து பிள்ளை நாவுக்கு வீட்டிற்குள் மொழி கைமாறுவதே அடிப்படை. அஃது அற்றுவிட்டால், பள்ளி, செய்தித்தாள், வானொலி, அரசு ஆணை ஆகிய அனைத்தும் அதற்கு ஈடாகா என்பது அவர் முடிபு. இதற்குச் சிங்கப்பூரை விடச் சான்று வேண்டா. அங்குத் தமிழ் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கப்பெறுகின்றது. 1935 முதல் தமிழ் நாளிதழ் நடைபெறுகின்றது. தொலைக்காட்சியும் வானொலியும் உண்டு. இவ்வளவும் இருந்தும், வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசும் இந்திய வழியினர் 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 41.6 விழுக்காட்டினர், 2020-இல் 59.2 விழுக்காட்டினர். பத்தே ஆண்டுகளில்! அரசு தமிழைக் காக்க முன்வந்த நாட்டிலேயே வீடு கைவிட்டால் இந்நிலை. அரசுத் துணை குன்றிய நாட்டில் என்னாகும்?

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற 'துரூரோ' என்னும் கப்பல், கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகளைத் தர்பன் துறையில் இறக்கியது. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் முருகனுக்குக் காவடி எடுக்கின்றனர். பிள்ளை, முதலியார், கவுண்டர் என்னும் பட்டங்கள் ஆங்கில எழுத்தில் உருத்திரிந்து அவர்தம் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. தமிழ் பேசுவோரைத்தான் தேட வேண்டியுள்ளது. அம்மக்களை நான் ஒருசொல்லும் பழிக்க மாட்டேன். அவர்கள் சாட்டைக்கும் வெள்ளையன் சட்டத்துக்கும் இடையில் மொழியை இழந்தனர். இழந்ததை எண்ணி ஏங்குவோர் அவர்களுள் இன்றும் உளர். நம் பொறியாளன் முதுகில் எவன் சாட்டை விழுந்தது?

வேட்டியும் பொங்கற் பானையும் படத்தில் இருந்ததை முன்னரே குறித்தேன். தென்னாப்பிரிக்கக் காவடி நமக்குச் சொல்லும் செய்தி இதுதான்: உடையும் விழாவும் உணவும் மொழியின்றியே நூற்றைம்பது ஆண்டு வாழும். அவற்றைக் கண்டு நாம் மயங்குதல் கூடாது.

இனி, முடியுமா என்ற வினா. முடிந்திருக்கின்றது. வீட்டுப் பேச்சில் நூற்றாண்டுக் கணக்கில் வழங்காதிருந்த எபிரேய மொழியை மீட்க எண்ணிய எலியேசர் பென் யெகுதா, 1881-இல் எருசலேம் சென்று குடியேறினார். அடுத்த ஆண்டு பிறந்த தம் மகனிடம் எபிரேயம் தவிர வேறொரு மொழியும் பேசுவதில்லை என்று உறுதிகொண்டார். அக்குழந்தையின் தாலாட்டுக்கும் விளையாட்டுக்கும் வேண்டிய சொற்களே அன்று அம்மொழியில் போதியவாறு இல்லை, ஆக்கிக்கொண்டார். பிறமொழி காதில் விழலாகாதென அவர் கையாண்ட கடுமையை நான் போற்றவில்லை. பிள்ளையைத் தனிமைப்படுத்தி வளர்த்தல் தேவையுமன்று. ஆனால் ஒரு வீட்டில் தொடங்கியது பின்னர் ஒரு நாட்டின் மொழியாயிற்று. நியூசிலாந்தின் மாவோரி மக்களோ இன்னும் எளிய வழி கண்டனர். இடைத்தலைமுறைப் பெற்றோர் தம் மொழியை மறந்துவிட்டதைக் கண்டு, 1982-இல் 'மொழிக்கூடு' என்ற பெயரில் மழலையர் கூடங்களைத் தொடங்கி, மொழி மறவாத பாட்டன் பாட்டியரிடம் பேரப்பிள்ளைகளை விட்டனர். கிழவியரே அங்கு ஆசிரியர்.

நமக்கோ தாலாட்டுச் சொல்லைப் புதிதாக ஆக்கவேண்டியதில்லை. கிழவியைத் தேடி அலையவேண்டியதுமில்லை; கைப்பேசித் திரையின் மறுபுறத்தில் அவள் ஞாயிறுதோறும் காத்திருக்கின்றாள். மகனார் செய்யவேண்டியது ஒன்றே: மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு, அறையை விட்டு எழுந்து செல்லல் வேண்டும். முதல் நாள் இருவரும் விழிப்பர். இரண்டாம் நாள் சிரிப்பர். பத்தாம் நாள் பேரன் ஏதேனும் ஒரு சொல்லைத் தேடுவான்.

இதுகாறும் கனடாவிலுள்ள மகனாரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினேன். என் பங்கை மறைத்தல் முறையன்று. 1988-ஆம் ஆண்டு, அம்மகனுக்கு ஐந்து அகவை நிரம்பியபோது, மூதாட்டியாரும் அவர் கணவரும் என்னிடம் வந்து, பையனை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று கேட்டனர். அப்போது நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் பலர் தம் பிள்ளைகளை நகரத்து ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தனர். தமிழ்வழியில் சேருங்கள் என்று சொல்ல என் நா எழவில்லை. நாளை அவன் பிழைக்காமற்போனால் பழி எனக்கு வருமே என்று அஞ்சினேன். முந்திரித் தோப்பில் ஒரு பகுதியை விற்று, ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தனர். தமிழிற் பேசினால் தண்டம் கட்டவேண்டிய பள்ளி அது. பத்தாம் வகுப்புவரை தமிழே கற்காமல் தமிழ்நாட்டில் ஒருவன் படித்து முடிக்கலாம் என்ற இழிநிலையை மாற்றத் தமிழ்நாட்டுத் தமிழ் கற்றல் சட்டம் 2006-இல்தான் வந்தது. ஆகவே, அம்மகனாரின் நாவில் தமிழ் நாணம் தரும் மொழியாகப் பதிந்தது தொராண்டோவில் அன்று, பண்ணுருட்டியில். விதைத்தவர்கள் நாங்கள். விளைச்சலை அவர் அங்கு அறுக்கின்றார்.

நம் இயக்கத்தின் தோற்றத்தையே எண்ணிப் பாருங்கள். 1916-இல் பல்லாவரத்து வீட்டில், வள்ளலாரின் பாடலொன்றைத் தந்தையும் மகளும் பாடிக்கொண்டிருந்தனர். அதில் வந்த 'தேகம்' என்னும் சொல்லினிடத்தில் 'யாக்கை' என்றிருப்பின் இன்னும் இனிக்குமே என்ற பேச்சு அவர்களிடையே எழுந்தது. அத்தந்தை பின்னர் மறைமலையடிகள் ஆனார். அம்மகள் நீலாம்பிகையார் பின்னாளில் வடசொற்களுக்குத் தமிழ் காட்டும் அகரவரிசை ஒன்றையே தொகுத்தளித்தார். அன்று அவருக்குப் பதின்மூன்று அகவையளவே இருக்கும். மாநாட்டிலன்று, மன்றத்திலன்று, ஒரு வீட்டில், தந்தையும் பிள்ளையும் ஒரு சொல்லைப் பற்றிப் பேசியதில் தொடங்கியது தனித்தமிழ். தொராண்டோ வீட்டிலும் ஒரு தந்தையும் பிள்ளையும் இருக்கின்றனர்.

மூதாட்டியார் என்னைவிட அறிவுடையவர். மகனைக் கடிந்து எழுதலாமா என்று கேட்டேன். "வேணாந் தம்பி, அவன் மனசு நோவும். புள்ளைங்களுக்கு எழுது" என்றார். அவர் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் விரல்வைத்துத் தடவிப் படிக்கும்படி, ஒவ்வோர் எழுத்தையும் பெரிதாக எழுதினேன். மொத்தம் ஆறு வரி. முந்திரி பூத்திருக்கின்றது, கறவைப் பசு கன்று ஈன்றிருக்கின்றது, கன்றுக்குப் பேரன்தான் பெயர் சொல்ல வேண்டும், தமிழில் சொல்ல வேண்டும். கடைசி வரி பேர்த்திக்கு: விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்தாயா, இல்லை குப்பையில் போட்டுவிட்டாயா?

விடைக்கென ஒரு வெற்றுத்தாளையும், எம் ஊர் முகவரி எழுதிய உறையொன்றையும் உள்ளே வைத்து, சுறவத் திங்கள் ஐந்தாம் நாள் அஞ்சலில் சேர்த்தேன். இதனை எழுதும் இன்றுவரை விடை வரவில்லை. கன்றுக்கு இன்னும் பெயரிடவில்லை. வேறு யாரையும் பெயரிட அவர் விடவுமில்லை.